சூளை ஆறுவதற்குள்

ஜாடியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கை ஏமாறும், கண் ஏமாறும், வெளியே வெளுத்துப்போய் நன்றாகக் காய்ந்த மாதிரி நிற்கும், ஆனால் கன்னத்தில் பட்ட அந்த நிமிஷமே தெரிந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கிறது, இன்றைக்கு ஆகாது, ரேக்கில் திருப்பி வை, காயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. என் கன்னம் ஏமாந்ததே இல்லை. இந்த ஜாடி காய்ந்திருக்கிறது. இதுவும். இது கொஞ்சம்… இல்லை, இதுவும்தான். ஜெயக்கொடி ரேக்கிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்கிறாள், நான் கன்னத்தில் வைத்துப் பார்த்து வண்டியில் அடுக்குகிறேன். தண்டவாளத்தில் நிற்கிற இரும்பு வண்டி இது, தட்டுத் தட்டாகப் பச்சைச் சாமானை ஏற்றி அப்படியே சூளைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால் இரண்டு பக்கமும் கேஸ் தீ சீறும். பின்னால் சூளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நேற்று வெந்த வண்டியைக் காலையில்தான் வெளியே இழுத்தார்கள், உள்ளே இன்னும் வெக்கை இருக்கிறது, என் முதுகில் அடிக்கிறது. அந்த வெக்கை போவதற்குள் இந்த வண்டி உள்ளே போயாக வேண்டும். ஆறிப்போன சூளையை மறுபடி சூடாக்க ஆகிற கேஸ் ஜாடிக்குப் போகிற கேஸ் இல்லை, செங்கல்லுக்கும் சுவருக்கும் கொட்டி அழுகிற கேஸ். சென்னையிலிருந்து வந்த இஞ்சினியரம்மா நளாயினி இதைச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது, இத்தனை காலமும் சுவருக்கா சமைத்துப் போட்டோம் என்று. அன்றிலிருந்து விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எங்கள் கம்பெனியில் மட்டும் ஒரே பேச்சுதான், சூளை ஆறக் கூடாது, சூளை ஆறிடுச்சா, ஆறுறதுக்குள்ள ஏத்துங்க. சூப்பர்வைசர் தேவநாதன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுகூட ஆறிடுச்சா என்றுதான் கேட்கிறான். காலையில் கொளஞ்சியின் நெற்றியும் ஆறித்தான் இருந்தது.

ஆறியிருந்தது என்றால் நல்லதுதானே. நாலைந்து நாளாக அனலாய்க் கொதித்த உடம்பு. கொளஞ்சி என் வீட்டுக்காரர், வெளியே பேர் சொல்ல மாட்டேன், மனசுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது. இதே கம்பெனியில் தீ போடுகிற வேலை அவருக்கு. நான் வண்டி அடுக்குவேன், அவர் தீ போடுவார், வீட்டில் மட்டும் அக்காதான் தீ போடும் என்று ஜெயக்கொடி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இருமல் அவருக்குப் பழசு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் இந்தத் தடவை காய்ச்சல் விடவே இல்லை. தெருமுனை டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். குறையலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க என்றார். குறையலைன்னா என்றுதான் சொன்னார். குறைந்துவிட்டதே. நேற்று ராத்திரி நான்தான் கேட்டேன், நாளைக்கு லீவு போடறேன், கெளம்பிப் போயிடலாமா என்று. "நாளைக்கா? நாளைக்கு வண்டி இழுக்கிறாங்க. நீ போவலன்னா சூளை ஆறிடும். போயி ஏத்திட்டு வா, சாயங்காலம் போலாம்" என்றார். சரி என்று உடனே சொல்லிவிட்டேன். கொஞ்சம் நேரம் கழித்தாவது சொல்லியிருக்கலாம். அப்புறம் அவர் இருமலில் நான் தூங்காமல் வேலையில் சாமானைப் போட்டு உடைப்பேன் என்று அவரே என்னை அடுக்களையில் போய்ப் படுக்கச் சொன்னார், பாயை எடுத்துக்கொண்டு போனேன். விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். லைட்டைப் போட்டால் கண் கூசும் என்று போடவில்லை. இருமல் சத்தமே இல்லை. பாவம், இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டு குனிந்து அவர் நெற்றியில் என் கன்னத்தை வைத்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்சம் பிசுபிசுப்பு. வேர்த்து விட்டிருக்கிறது, சனியன் ஒழிந்தது என்று வாய்விட்டே சொன்னேன். போர்வையைக் கால்மாட்டில் இழுத்துச் செருகிவிட்டு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எங்க வீட்டுக்காரருக்கு ஜொரம் விட்டுடுச்சு என்று சொன்னேன், அவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

கீழ்த்தட்டு முடிந்தது. பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் சின்ன ஜாடி, சின்ன ஜாடிக்குள் டீக் கப், கப்புக்குள் ஒன்றும் போகாது, போகுமென்றால் அதையும் வைப்பேன். இது முதல் வேக்காடு, மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் கிடையாது, அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது, எப்படி வேண்டுமானாலும் நெருக்கலாம். கப்பைக் கப்போடு வாய்க்கு வாய் கவிழ்த்து அடுக்கினால் அதே இடத்தில் இரண்டு மடங்கு போகும். காலி இடத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருத்தி பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பையை எடும்மா என்று சொல்லாமல் என்னால் நிற்க முடியாது. குக்கரில் அரைக்குக் கீழே அரிசி போட்டால் அன்றைக்கு முழுக்க மனசு அரிக்கும். இஞ்சினியரம்மா வந்தபோது அடுக்குகிற வேலைக்கு இந்த அக்காதான் சரி என்று சொன்னது இதனால்தான். அந்தம்மா சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஒரே உயரம் ஒரே தட்டு, அப்போதுதான் மேல் தட்டு இறங்கி உட்காரும், நடுவில் காற்றைச் சுட வேண்டாம். வண்டி நிரம்பாமல் தீ போடாதீர்கள். பழைய கனத்த தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிசுத் தட்டு வாங்குங்கள். "நீங்க சுடறது ஜாடிய மட்டும் இல்லக்கா, தட்டையும் முட்டையும் சேத்துத்தான் தெனமும் சுடறீங்க, பாதி சூட்ட அதுதான் தின்னுது" என்று அந்தம்மா சொல்ல, முட்டு என்றால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கொடுக்கிற கால், ஆனால் ஜெயக்கொடி சும்மா இருப்பாளா, "முட்டை இருந்தா எங்களுக்கும் அவிச்சுக் குடுங்கம்மா" என்றாள். அந்தம்மாவே சிரித்துவிட்டது. கொளஞ்சி ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தார் என்ன, சிரிப்பார், நேற்றைக்கு முந்தின நாள்கூட மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு இது என்ன முட்டா தட்டா என்று கேட்டார். இந்த ஜாடி சில்லென்று இருக்கிறது. இல்லை, விரல் ஈரமா, கன்னத்து வேர்வையா. துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது. ஜெயக்கொடி, இது வேணாம், இத அப்புறம் பாக்கலாம். அவள் வாங்கி ரேக்கில் வைக்கிறாள். கொளஞ்சி நெற்றியில் நான் கன்னத்தை வைக்கிறபோதெல்லாம் கையால் என் முகத்தைத் தள்ளிவிடுவார். காய்ச்சல் வந்த முதல் நாளும் அதுதான், அரைத் தூக்கத்தில்கூட அதுதான், "நான் என்ன ஜாடியாடி, கன்னத்த வச்சுப் பாக்குற?" காலையில் அவர் அதைச் சொல்லவில்லை.

நல்ல தூக்கம், அதனால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன. டீ வந்துவிட்டது. சன்னலில்தான் எல்லோருடைய போனும் இருக்கும், கழுத்தில் தொங்கினால் குனிகிறபோது சாமான் மேல் இடிக்கிறது என்று தேவநாதன் அங்கே வைக்கச் சொல்லிவிட்டான். சூளைக்குப் பக்கத்துச் சன்னல், போன் லேசாகச் சுடுகிறது. அவருக்கு அடித்துப் பார்த்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார், எப்போதுமே எடுக்க மாட்டார், எனக்கு வேணும்னா நான் பேசுறேன், இவங்களுக்கு வேணும்னா நான் ஓடிவரணுமா என்பார். போன் தலைமாட்டில்தான் இருக்கிறது, நானே வைத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு மங்கைக்கு அடித்தேன். "எங்க வீட்டுப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுச் சொல்றியா மங்கை, அவரு எழுந்துட்டாரான்னு." அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே போனாள், கோழியை விரட்டுவது கேட்டது. "சன்னல் வழியாப் பாத்தேங்க்கா. நல்லாப் போத்திக்கிட்டுத் தூங்குறாரு அண்ணன். எழுப்பட்டா?" எழுப்பு என்று சொல்ல வேண்டியதுதானே. வாய் வரைக்கும் வந்தது. ஜெயக்கொடி டீயை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம், எழுப்பாத. தூங்கட்டும்" என்றேன். "சாப்பாட்டுக் கிண்ணம் மூடினபடியே இருக்குக்கா" என்றாள் மங்கை. "எழுந்து சாப்பிடுவாரு" என்று வைத்துவிட்டேன். ஜெயக்கொடி கேட்டாள், "என்னக்கா, அண்ணனுக்கு எப்படி?" "ஆறிடுச்சு" என்றேன். "அப்பாடா. கொளஞ்சியப்பரு சாமிதான் காப்பாத்திட்டாரு" என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். டீயில் ஆடை படிந்திருந்தது, விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன், அதுவும் ஆறிப்போயிருந்தது. ஒரு வார்த்தைதான், எத்தனைக்குத்தான் அதைச் சொல்வது.

தூங்குகிறார். மங்கை பார்த்துவிட்டாள். நல்லாப் போத்திக்கிட்டு என்றாள். நான் போர்த்திவிட்ட மாதிரியே இருக்கிறதா, இல்லை நடுவில் புரண்டு படுத்தாரா, அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன்க்கா என்பாள். நடுத்தட்டுக்கு முட்டு வைத்தாயிற்று, மூன்று முட்டு போதும், நாலாவது வைத்தால் ஆடும், அதுவும் சூட்டைத் தின்னும். தட்டை இறக்குகிறோம், ஜெயக்கொடி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கப்புகள் மட்டும் இந்தத் தட்டில். வேர்த்து விட்டிருந்தால் தலையணை நனைந்திருக்கும். நனைந்திருந்ததா. நான் தலையணையைத் தொடவில்லை. பிசுபிசுப்பு இருந்தது, அது நிச்சயம், ஆனால் அது ராத்திரி நானே நெற்றியில் தடவின தைலமாகவும் இருக்கலாம். சூளைச் சுவரில் புதுசாகப் பஞ்சுப் போர்வை அடித்திருக்கிறார்கள், வெள்ளை வெளேரென்று, அதுவும் அந்தம்மா சொல்லித்தான். அடிக்கிறபோது நான் கேட்டேன், ஏம்மா, போர்வை போட்டா சூளை சூடாயிடுமா என்று. "போர்வை சூடு குடுக்காதுக்கா. உள்ள இருக்கிற சூட்டப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். உள்ள ஒண்ணும் இல்லன்னா போர்வை என்ன பண்ணும்" என்றது. எனக்கு அது பிடித்துப்போய் நாலு பேரிடம் சொன்னேன். காலையில் போர்வையைக் கால்மாட்டில் செருகிவிட்டேன் இல்லையா, அப்போது கை போர்வைக்குள் போனது. பாதத்தில் பட்டது. போர்வைக்குள்ளே, ராத்திரி முழுக்க மூடியிருந்த பாதம். அதுவும் சில்லென்று இருந்தது. ஐயோ. இல்லை, பாதம் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், இரத்த ஓட்டம் கம்மி, டாக்டரே சொன்னார், வேறு யாருக்கோ சொன்னார். கப்பைக் கவிழ்த்து வை. வாய்க்கு வாய். இது சரியாகப் பொருந்தவில்லை, வேறு எடு. ஒரு தடவை ஈரத்தோடு ஒரு ஜாடி உள்ளே போய்விட்டது, நான் லீவில் இருந்த நாள், வேறு யாரோ அடுக்கினார்கள். பாதித் தீயில் அது வெடித்து அந்தத் தட்டையே சாய்த்து முழு வண்டியும் சில்லு சில்லாக வந்தது. கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலால் தட்டி எடுத்தார். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே காய்ந்த மாதிரி நிற்கிற சாமான்தான் ஆளைக் கொல்லும் என்றார். நான் இப்போது அப்படித்தான் நிற்கிறேன். ஜெயக்கொடி மகளுக்குச் சடங்கு சுற்றுகிற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உம் உம் என்கிறேன், மாமன் சீர் என்ன என்றுகூடக் கேட்டேன்.

காலையில் நான் என்ன செய்தேன் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. சில்லென்று இருந்ததும், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வேறு எந்தப் பொம்பளையாக இருந்தாலும் புருஷன் உடம்பு சில்லென்று இருந்தால் திடுக்கிட்டு உலுக்கியிருப்பாள், லைட்டைப் போட்டிருப்பாள், மூக்கில் விரலை வைத்திருப்பாள். என் கன்னத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், சில்லென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை, தொந்தரவு செய்யாதே, இருக்கட்டும், காயட்டும். திருப்பி ரேக்கில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தேவநாதன் வந்து சூளைக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லா வெக்கை இருக்குக்கா, சீக்கிரம் முடிங்க, மேல்தட்டு மட்டும்தான" என்கிறான். நல்ல பையன்தான், கொளஞ்சிக்குப் பதிலாக இன்றைக்கும் அவன்தான் தீ போடப்போகிறான். மேல்தட்டில்தான் எனக்கும் அவருக்கும் எப்போதும் தகராறு. கீழேயும் நடுவிலும் எவ்வளவு வேணும்னாலும் அடை, மேலே மட்டும் ஒரு சாண் விடு, தீ மேலே வந்து திரும்பிப் போகணும், "நீ எல்லாத்தையும் அடைச்சிட்டா தீ எங்கடி போவும், என் தலை மேலயா?" என்பார். அந்தம்மாவும் அவர் சொன்னது சரி என்றுதான் சொன்னது, வழி இல்லாவிட்டால் தீ முட்டிக்கொண்டு நிற்கும், மேலே வேகாது, வேக வைக்க இன்னும் கூடுதலாகக் கேஸ் போகும், நிரப்புகிறதும் முக்கியம், வழி விடுகிறதும் முக்கியம் என்று. எனக்கு மனசு வராது. ஒரு சாண் இடத்தில் இருபது கப் போகுமே. வைத்துவிடுவேன். நான் அந்தப் பக்கம் போனதும் அவர் சத்தம் போடாமல் அந்தக் கப்புகளை எடுத்து ரேக்கில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளுவார். இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அன்றைக்கு வீட்டில் சண்டை, இரண்டு நாள் பேசவில்லை. வாயில் சொன்னால் கேட்க மாட்டேனா என்றால், கேட்டியா என்றார். நேற்று ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறபோதும் அதைத்தான் சொன்னார், இருமிக்கொண்டே, மேல வழி விடு என்று. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படுங்க பேசாம என்றேன். எங்களுடையது சுவரோரம் போட்ட சின்னக் கட்டில், இரண்டு பேர் நெருக்கித்தான் படுப்போம், கல்யாணமான புதுசிலிருந்து அப்படித்தான், நடுவில் கை நுழையாது. நேற்றுத்தான் காலியாக விட்டேன்.

ஜெயக்கொடி கப்புகளை நீட்டுகிறாள். மேல்தட்டில் கதவுப் பக்கமாக ஒரு சாண் இடம் இருக்கிறது. என் கை அங்கே போய்த் திரும்பி வருகிறது. "என்னக்கா, இங்க போவும்ல?" என்கிறாள். "வேணாம்." "எடம் காலியாக் கெடக்குதேக்கா, நீயா சொல்ற?" தேவநாதனும் சிரித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்க்கிறான், "அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" நான் சொன்னேன், "இருக்கட்டும் தம்பி. தீக்கு வழி விடணும்னு அவரு எப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தாரு." இருந்தாரு. சொல்லிவிட்டேன். சொல்றாரு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை, தேவநாதன் சரிக்கா என்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். நான் கவனித்தேன். மனசுக்கு முன்னால் வாய்க்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்கு முன்னால் கன்னத்துக்குத் தெரிந்திருக்கிறது, காலையிலிருந்தே கன்னத்துக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம். வண்டி உள்ளே போகட்டும். எழுப்பாமல் இருக்கிறவரைக்கும் அவர் தூங்குகிறார். நான்தானே எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன், என்னைத் தவிர யார் எழுப்பச் சொல்லப்போகிறார்கள். ஓசூரில் இருக்கிற மகள் பூங்கோதை சாயங்காலம்தான் போன் பண்ணுவாள், அப்பாவுக்கு எப்படிம்மா என்பாள். வண்டியைத் தள்ளுகிறோம், மூன்று பேருமாக, சக்கரம் தண்டவாளத்தில் கீச்சென்று போகிறது, ஒரு கப்கூட ஆடவில்லை. சூளை வாயில் வெக்கை முகத்தில் அடித்தது. என்ன சூடு. நேற்றைய சூடு, போர்வை போட்டு மூடினதால் இன்னும் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்ததால் இருக்கிறது.

கதவைச் சாத்தினார்கள். தேவநாதன் பர்னரைத் திறந்து பற்றவைத்தான், இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சீறியது. கதவில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக அவன் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க வந்து பாரேன், மேல அழகாத் திரும்புது தீ. சட்டுன்னு பிடிச்சிடுச்சு. அண்ணன் கேட்டா சந்தோஷப்படும்" என்றான். நான் போய்ப் பார்த்தேன். ஆமாம், நான் விட்ட ஒரு சாணுக்குள் நுழைந்து, மேலே படர்ந்து, பின்னால் இறங்கிப் போனது. அவர் சொன்ன மாதிரியேதான் போனது. கேட்டிருக்கலாம் நான், எத்தனை வருஷம் கத்தினார் மனுஷன். ஜெயக்கொடி கீழே சிந்தின மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இனி அடுக்க ஒன்றும் இல்லை, இனி என்ன செய்வது, கைக்கு ஒரு வேலையும் இல்லை. சன்னலிலிருந்து போனை எடுத்தேன். மங்கை உடனே எடுத்தாள், "சொல்லுக்கா." "அவர எழுப்பு மங்கை." "தூங்கட்டும்னு நீதானக்கா சொன்ன?" "எழுப்பு." "சரிக்கா, இரு, லைன்லயே இரு." அவள் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவின் சத்தம் எனக்குத் தெரியும், அது கேட்டது. "அண்ணே" என்று கூப்பிட்டாள், கொஞ்சம் வெட்கத்தோடு, வாசப்படியிலேயே நின்றுகொண்டு. அப்புறம் உள்ளே போய், "அண்ணே, அக்கா லைன்ல இருக்குது, எழுந்திருங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. கட்டில் லேசாக முனகியது, வளையல் சத்தம், எதுவோ உருண்டது, கிண்ணமாக இருக்கும். ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் வந்தது, மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "ஒண்ணும் இல்லக்கா. நீ பதறாத. கெளம்பி வீட்டுக்கு வா." ஒன்றும் இல்லை என்றால் எதற்கு வர வேண்டும் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தேவநாதன் ஓட்டையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், ஜெயக்கொடி துடைப்பத்தைக் கீழே போட்டாள். நான் போனைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. சூளை ஓரத்துச் சன்னலில் இருந்த போன், நல்ல சூடாக இருந்தது.